அப்பா ஐஸ்கிரீம் சாப்பிடவே இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை எழுதுகிறவன் பொய்யைப் பற்றிப் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் இது நான் சொன்ன பொய் இல்லை, என் மாமனார் சொன்னது. அதுவும் தொலைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். காய்ச்சல் இறங்கி, கழுத்து விறைப்பு விட்டு, ஆள் தேறி வந்துகொண்டிருந்த நேரம். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவரைப் படுக்கவைத்த கிருமிக்குப் பெயர் லிஸ்டீரியா. அது சாப்பாட்டு வழியாகத்தான் உள்ளே வரும். போன மாதம் பூராவும் என்னென்ன சாப்பிட்டார் என்று அந்தப் பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"சீஸ் சாப்பிட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

"கடையில வெட்டி வச்ச பழம் ஏதாவது?"

"முலாம்பழம், ஒரு தடவ. மாப்ளதான் வாங்கிட்டு வந்தாரு." என்னை மாட்டிவிடுவதில் அவருக்கு எப்போதும் ஒரு தனி சந்தோஷம்.

"ஐஸ்கிரீம்?"

"சேச்சே. எனக்கு சுகர் இருக்கும்மா. அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கறதில்ல."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர் அந்தச் சுவரை அவ்வளவு ஆர்வமாகப் பார்த்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சாயங்காலம் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் அந்தக் கிருமிகளைப் படிக்கிற அரசு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் சிரிக்கவில்லை.

"சாப்பிட்டிருக்காரு" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"கிருமி சொல்லுது."

அந்த நிமிஷமே இதை எழுதிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. எல்லாம் முடிந்து பல மாதம் கழித்துத்தான் அவள் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துத் திருத்துவாள், அவள் திருத்தத்தை நான் அழிக்கக் கூடாது. ஆகவே, சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் குரல்.

[கை பரபரத்ததுன்னு எழுதிட்டீங்க. அப்ப நான் அழுதுட்டிருந்தேன். அதையும் எழுதுங்க.]

எழுதிவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சில நாள் முட்டி மோதினேன். எழுதி அடித்துவிட்ட தொடக்கங்களை மறைக்காமல் வைக்கிறேன்.

'உலகத்தின் மிகச் சிறிய புத்தகம் மூன்று மில்லியன் எழுத்துகளால் ஆனது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்—'

[முப்பது லட்சம்னு சொன்னா யாருக்கும் புரியாதா?]

'காலை வெயில் ஆய்வகக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்க, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் நுண்ணோக்கியின் மேல் குனிந்தபோது—'

[நான் நுண்ணோக்கியத் தொட்டு வருஷக்கணக்காச்சு. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து முதுகு வலிதான் மிச்சம். சினிமா பாத்து எழுதாதீங்க.]

சரி. அலங்காரம் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். இனி என்னை மறந்துவிடுங்கள். அவள் பக்கத்திலேயே நின்று பார்க்கப் போகிறோம். ஆகவே என் மாமனார் இனி அப்பா.

ஆஸ்பத்திரிகளில் பிடிபடும் கிருமிகள் அவள் ஆய்வகத்துக்குக் குப்பிகளில் வரும். நோயாளியின் பெயர் வராது. ஓர் எண், வயது, அனுப்பிய ஆஸ்பத்திரி, எடுத்த தேதி, அவ்வளவுதான். அன்று வந்த குப்பிகளில் ஒன்றைக் கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வயது, அந்த ஆஸ்பத்திரி, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்த அந்த நாள். எடுத்தபோது அப்பா வலியில் இறுக்கிப் பிடித்திருந்தது அவள் கையைத்தான்.

குப்பியை வைத்துவிட்டுத் தலைமை அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"மேடம், வந்ததுல ஒண்ணு எங்க அப்பாவோடது."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எப்படி இருக்காரு?"

"தேவலை. நான் இதுலேர்ந்து ஒதுங்கிக்கணுமா?"

"நோயாளிங்ககிட்டப் பேசற வேலைக்கு நீ போகாத. வேற ஆள் பேசட்டும். எழுத்தைப் படிக்கறத நீயே படி. அதுல யார் நெனச்சாலும் கை வைக்க முடியாது."

எழுத்தைப் படிப்பது என்றால் என்னவென்று எனக்கு அவள் பலமுறை விளக்கியிருக்கிறாள். நான் புரிந்துகொண்டது இது. கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தன் உடம்பிலிருக்கிற முப்பது லட்சம் எழுத்தையும் நகல் எடுக்கிறது. ரொம்பச் சுத்தமாக எடுக்கிறது. ஆனாலும் எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை விழுகிறது, அந்தப் பிழை அதன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகிறது. இரண்டு ஊர்களில் இரண்டு பேருடைய ரத்தத்தில் கிடைத்த கிருமிகளுக்குள் விரல் விட்டு எண்ணும் அளவே வித்தியாசம் இருந்தால், அவை ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை என்று அர்த்தம். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனால் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழைகளோடு காலம் தள்ளுகிறவன் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது.

[பாத்திரம்னு சொல்லாதீங்க. ஒரே தொழிற்சாலைன்னு சொல்லலாம். மத்தபடி சரி.]

படித்த எழுத்துகளை அவர்கள் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வதில்லை. உலகத்து ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு பொதுக் களஞ்சியம் வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். புதிதாக ஒன்றைப் போட்டால் ஏற்கெனவே இருப்பவை எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, யார் யாருக்கு உறவு என்று ஒரு மரம் வரைந்து காட்டும். ஒவ்வொரு கிருமியும் அதில் ஓர் இலை.

அப்பாவின் கிருமியைப் படித்து முடித்து, பெயரில்லாமல், ஓர் எண்ணாக, அவள் அந்த மரத்தில் சேர்த்தாள். மறுநாள் காலையில் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்து திறந்தாள்.

3

அப்பா தனியாக இல்லை. அவர் கிளையில் இன்னும் மூன்று இலைகள் இருந்தன.

ஒன்று, வேறோர் ஊரில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இன்னொன்று, அதற்கும் தள்ளி ஓர் ஊரில் கர்ப்பிணிப் பெண். யார் எவர் என்பது சுகாதாரத் துறை விசாரித்த பிறகு தெரிந்தது. இரண்டும் அவள் ஆய்வகத்துக்கு வந்த குப்பிகள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டென்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது இலை வெளிநாட்டுடையது. மனிதரிடம் எடுத்ததே இல்லை. சில வருஷங்களுக்கு முன் யாரோ போட்டு வைத்த குறிப்பு இப்படி இருந்தது: உணவு, ஐஸ்கிரீம், இறக்குமதி.

யார் அந்த யாரோ? ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு டப்பாவைத் திறந்து பரிசோதித்து, கிருமி இருப்பதைக் கண்டு, சரக்கைத் திருப்பி அனுப்பியவர். அங்கே யாருக்கும் உடம்புக்கு வரவில்லை. சரக்கு போனதோடு வேலை முடிந்தது என்று அவர் விட்டிருக்கலாம். ஆனால் உட்கார்ந்து அந்தக் கிருமியின் எழுத்தைப் படித்து, களஞ்சியத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என்றைக்காவது எவருக்காவது உதவும் என்று. இந்த ஆளைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுத ஆசைப்பட்டேன். அவருக்கு ஒரு குடும்பம், ஒரு பூனை, மழைக்கால மாலை—

[அவரு ஆளே இல்ல, ஒரு குழு. பூனைய எடுங்க.]

அவள் அந்த ஆய்வகத்துக்கு எழுதினாள். மதியச் சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிட்டது. எந்தத் தொழிற்சாலையின் சரக்கு என்று பெயரோடு வந்தது. அந்தப் பெயரை வாசிக்க அவளுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. அப்பாவின் வேலைச் சட்டைப் பையின் மேல் நீல நூலால் தைத்திருந்த பெயர் அது.

4

இந்தப் பகுதியை எழுதுவது எனக்கு ரொம்பச் சுலபமாக இருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அவள் சின்னவளாக இருந்தபோது அப்பா வருவதற்கு முன்னாலேயே அவர் வாசனை வந்துவிடும். வெனிலாவும் அமோனியாவும் கலந்த வாசனை. தொழிற்சாலையில் குளிரூட்டும் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவர். வெளியே அனல் பறக்கிற மாதத்திலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. வந்ததும் உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்து, "பாரு, தொழிற்சாலையவே கையில எடுத்துட்டு வந்துட்டேன்" என்பார். கை சில்லென்றிருக்கும்.

[பஸ்ல வந்து சேர்றதுக்குள்ள கை சூடாயிடாதா? வெளிக் குழாயில கழுவிட்டுத்தான் வைப்பாரு. ரொம்ப நாள் கழிச்சு அம்மா சொல்லித்தான் தெரியும்.]

சனிக்கிழமைகளில் ஒரு தகரப் பெட்டியில் கழிவு ஐஸ் வரும். கெட்டுப் போனது இல்லை, அழகு போனது. குச்சி வளைந்தது, சாக்லேட் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியது, மூடி கோணலாக உட்கார்ந்தது. தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கோணல் ஐஸ்'. பெட்டி வந்த சேதி எப்படித்தான் பரவுமோ, வாசலில் ஒரு வரிசையே நிற்கும். யாருக்கு எது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவளுடையது. அந்த ஒரு மணி நேரம் தெருவுக்கே அவள்தான் ராணி. கல்லூரிக்குப் போன பிறகுதான் முதல் தடவையாகக் கடையில் காசு கொடுத்து ஐஸ் வாங்கினாள். பிரித்துப் பார்த்துவிட்டு, இது நேராக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டாளாம்.

அதே ஐஸைத்தான் நானும் தின்று வளர்ந்தேன். கெஞ்சி, அடம்பிடித்து, காசு வாங்கிப் போய். நான் காசு கொடுத்துத் தின்றதை அவள் சும்மா தின்றிருக்கிறாள் என்பது எங்கள் கல்யாணத்தில் இன்றுவரை தீராத வழக்கு.

இங்கே சீப்பை அறிமுகப்படுத்த வேண்டும். வாலிபத்திலேயே தலை பளபளவென்று ஆகிவிட்டதால் தொழிற்சாலை அவருக்கு வைத்த பெயர் சீப்பு. அப்பாவை விட நன்றாக இளையவர். பழைய கூடத்தில் சின்னக் கப்புகளை நிரப்பும் இயந்திரத்தில் நிற்பார், அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அங்கேதான் நின்றார். அவளுக்கு அவர் சீப்புச் சித்தப்பா. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பின்வரிசையில் ஒரு வெளிச்சம் தெரியும், அது அவர் தலை.

அப்பா ஓய்வு பெற்றபோது சீப்புதான் மேடையேறிப் பேசினார். இரண்டு வரி பேசிவிட்டு அழுதுவிட்டார்.

5

தொழிற்சாலையின் பெயர் தெரிந்துவிட்டதே, மூடிவிட வேண்டியதுதானே என்றுதான் நானும் கேட்டேன். அப்படி முடியாதாம். வெளிநாட்டு இலை பழையது. இப்போதைய நோயாளிகள் அங்கே செய்ததைத்தான் சாப்பிட்டார்கள் என்று ஒருவராவது சொல்ல வேண்டும். கர்ப்பிணிப் பெண் பல கடைகளில் பல ஐஸ் சாப்பிட்டிருந்தாள். எது என்று அவளுக்கு நினைவில்லை. வாத்தியாரிடம் கேட்பதற்கு அவர் இல்லை, போய்விட்டார். தொழிற்சாலையில் பழைய கூடம், புதுக் கூடம் என்று பல இடங்கள், பல ரகங்கள். எதைக் கடையிலிருந்து எடுக்கச் சொல்வது? மிச்சமிருந்தது அப்பா ஒருவர். அவரோ அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

தலைமை அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். "சுகாதாரத் துறைப் பொண்ணு ரெண்டாவது தடவயும் கேட்டுப் பாத்துட்டா. அதையேதான் சொல்றாரு. நீ ஆய்வகத்து ஆளாப் போகாத. மகளாப் போ."

போனாள்.

"அப்பா, ஐஸ் சாப்பிட்டீங்களா?"

"அந்தப் பொண்ணுகிட்டதான் சொன்னேனே."

"அவகிட்ட சொன்னது இருக்கட்டும். என்கிட்ட சொல்லுங்க."

"உனக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கேனா? அதேதான்."

"சுகருக்காகத் திட்ட மாட்டேன்."

"போன தடவயும் இப்படிச் சொல்லித்தான் திட்டின."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மரத்தைப் பற்றிச் சொன்னாள். அவருக்குள் இருந்ததும் அந்தத் தொழிற்சாலை ஐஸில் இருந்ததும் கூடப்பிறந்தவை மாதிரி என்றாள்.

"காத்துல வந்திருக்கும்மா."

"காத்துல வராதுப்பா."

"அப்ப தண்ணியில..."

"அப்பா."

அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "அங்க ஆளுங்க இருக்காங்கம்மா. நீ ஒரு வார்த்த எழுதினா ஷட்டர இழுத்து மூடிடுவாங்க. நான் போட்ட சோறு அங்கேருந்து வந்தது. நான் சொல்லி அத மூடணுமா?"

"வாத்தியார் ஒருத்தர் போயிட்டாருப்பா. உங்க வயசு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கா. மாசமா இருக்கா."

கண் திறந்தது. "எத்தனாவது மாசம்?"

"ஏழு."

"வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் இல்லயே?"

"இப்போதைக்கு இல்ல. மருந்து ஏத்தறாங்க. ஆனா அந்த ஐஸ் இன்னும் கடையில இருக்குப்பா. எதுன்னு தெரியாம எதை எடுக்கச் சொல்றது?"

அவர் பதில் சொல்ல அவகாசமே எடுத்துக்கொள்ளவில்லை. "வெனிலா. சின்னக் கப்பு. வியாழக்கிழம வியாழக்கிழம சீப்பு எடுத்துட்டு வருவான். பார்க்குல உக்காந்து ஆளுக்கு ஒண்ணு சாப்பிடுவோம். போய்ச் சொல்லு, சீக்கிரம்."

"பழைய கூடத்துதா, புதுசா?"

"பழைய கூடத்துதுதான். புதுசுல வர்றத மனுஷன் வாயில வைப்பானா? வெறும் காத்து."

நான் முதலில் இந்த இடத்தில், மனிதாபிமானம் வென்றது என்பது மாதிரி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. இப்போது அதை நம்ப முடியவில்லை. முன்பின் தெரியாத வாத்தியாரின் சாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டவர், முன்பின் தெரியாத பெண்ணின் கர்ப்பத்துக்கு ஏன் அப்படிப் பதறினார்? என் பாத்திரத்தை நானே சந்தேகப்பட்ட இடம் இது. பத்தியை எடுத்துவிட்டேன்.

6

சொன்னபடி எல்லாம் மளமளவென்று நடந்தது. கடைகளிலிருந்து கப்புகளை எடுத்தார்கள். அதிகாரிகள் பழைய கூடத்தில் மூலை முடுக்கெல்லாம் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தார்கள். நிரப்பும் இயந்திரத்தின் காலடியில் தரை விரிசல் விட்டு, உள்ளே ஈரம் கோத்துக்கொண்ட ஒரு பொந்து இருந்தது. மேலே எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்குமே தவிர, சுத்தம் இறங்காது. அங்கே இருந்தது அது. குளிரில் மற்றக் கிருமிகள் சுருண்டு கிடக்கும். இதற்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதைப் படித்து மரத்தில் போட்டார்கள். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

[அந்த இயந்திரம் அப்பா பொறுப்பு கிடையாது. அவர் குழாய் பக்கம். படிக்கறவங்க அவர் தலையில போட்டுடப் போறாங்க, தெளிவா எழுதுங்க.]

தெளிவாகவே சொல்கிறேன். அவர் பொறுப்பு கிடையாது.

பழைய கூடத்தை இடித்தார்கள். புதுக் கூடம் சில வாரம் மூடியிருந்து திறந்தது. யாருக்கும் வேலை போகவில்லை, சீப்பையும் புதுக் கூடத்துக்கு மாற்றினார்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொஞ்சம் முன்னதாகவே பிரசவமானது. பெண் குழந்தை. வார்டே அதிர்கிற மாதிரி அழுததாக அங்கிருந்து செய்தி வந்தபோது, ஆய்வகத்தில் யாரோ கை தட்டினார்களாம்.

அப்பா வீட்டுக்கு வந்த வாரம் சீப்பு பார்க்க வந்தார். கையில் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுங்கையோடு அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, என் கையால உங்களுக்கு விஷத்தக் குடுத்துட்டேனேண்ணே."

"போடா. ரெண்டு கப்பாக் கொண்டு வரக் கூடாதான்னு நான்தானடா கேப்பேன்? உள்ள வா."

உள்ளே வந்து உட்கார்ந்தும் சீப்புக்கு ஆறவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணு புரியலம்மா. அதே கப்புதான் நானும் சாப்பிட்டேன். எனக்குத் தும்மல்கூட வரல. இவருக்கு மட்டும் ஏன்?"

அவள் அடுப்பில் தேநீரைப் பார்த்துக்கொண்டே, ஆயிரம் தடவை சொன்ன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். "தெம்பா இருக்கறவங்கள அது பெருசா ஒண்ணும் பண்ணாது சித்தப்பா. வயசானவங்க, நோயாளிங்க, பச்சக் குழந்தைங்க. அப்புறம் மாசமா இருக்கறவங்க. அவங்களுக்கு வெறும் காய்ச்சல் மாதிரிதான் வரும், ஆனா வயித்துல இருக்கற பிள்ளய—"

அங்கே நிறுத்திவிட்டாள். எதற்கு நிறுத்தினோம் என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தபோது அப்பா சீப்பின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் பொங்கி வழிந்தது. எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம்.

7

மரத்தில் இலை விடுவது நாம் பார்த்து முடித்ததோடு நின்றுவிடுவதில்லை. இன்னொரு நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் யாரோ பழைய குப்பிகளைத் தோண்டி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பல நாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து என்றோ அனுப்பி, உறைபெட்டியில் தூங்கிய கிருமிகள். படிக்கப் படிக்கக் களஞ்சியத்தில் போட்டார்கள். ஒரு காலையில் அவள் தன் மரத்தைத் திறந்தபோது, அப்பாவின் கிளையில், அடிப்பக்கமாக, ஒரு புது இலை இருந்தது.

மனிதர். பச்சிளங்குழந்தை. நம் நாடு. பக்கத்தில் ஒரு வருஷம்.

அவள் அந்த வருஷத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் அவள் இரண்டாம் வகுப்பு. அம்மா மாசமாக இருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். உள்ளே தங்கியது ஒன்றே ஒன்றுதான், அப்பா கொண்டுவரும் வெனிலா கப். அதனால் சனிக்கிழமை வரை காத்திராமல் தினமும் கொண்டுவந்தார். அம்மா சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சின்ன மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிடுவாள். கடைசிக் கரண்டி மகளுக்கு. அப்பா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, உலகத்தையே சம்பாதித்துவிட்ட ஆள் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. உடம்பு வலி, முதுகு வலி. சளிக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம் போக அப்பா தலை வாரிவிட்டார், வகிடு கோணிக்கொண்டு போனது. அம்மா வெறும் மடியோடு திரும்பி வந்தாள். பிறந்து கொஞ்ச நேரம் இருந்ததாம். என்ன குழந்தை என்றுகூட மகளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அம்மா இறக்கும் வரை அந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுத்ததில்லை. அதன் பிறகு தகரப் பெட்டி வரவில்லை. தெருப் பிள்ளைகள் சில சனிக்கிழமை வந்து நின்று பார்த்தார்கள், பிறகு அவர்களும் மறந்துவிட்டார்கள்.

பெட்டி ஏன் நின்றது? அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை என்பதாலா, அல்லது அப்பாவின் மனசுக்குள் அப்போதே ஏதாவது முள் தைத்ததா? எழுதுகிறவன் எனக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள். குரல் ஆய்வகத்துக் குரல். "பேர் இல்ல, ஊர் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. களஞ்சியத்துல அதெல்லாம் இருக்கக் கூடாதுன்னு நாங்களேதான் விதி வச்சிருக்கோம். அந்த வருஷம் எத்தனையோ பேர் பிள்ளயப் பறிகொடுத்திருப்பாங்க. யாருதா வேணா இருக்கலாம்." அடுப்பு மேடையைத் துடைத்தாள். "என் தம்பியாவும் இருக்கலாம். இல்ல, தங்கச்சி."

அப்புறம்தான் அந்தக் குரல் உடைந்தது.

யாருடைய குப்பி என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்க வழி இருந்தது. துறைமுகத்து ஆய்வகத்துக்கு எழுதவில்லையா, அதே மாதிரி. சில நாள் கழித்து அவள் உட்கார்ந்து, வணக்கம் என்று தொடங்கி, எழுதி முடித்து, அனுப்புவதற்கு—

[இது வேணாம்.]

சரி.

8

கடைசிப் பகுதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவியாயிற்று. அப்பாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நான் மருந்துக் கடைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஏம்மா, அந்தக் கிருமி... நான் வேலைக்கு இருந்தப்பவே அங்க இருந்துச்சா?"

எழுத்தாளனாக நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். மருமகனாகக் கேட்டைச் சாத்திவிட்டு நடந்துவிட்டேன்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள், "இல்லப்பா, அது புதுசா வந்தது" என்கிறாள். வாழ்நாளில் எழுத்தை மாற்றிச் சொல்லாதவள் சொல்லும் முதல் பொய். அவர் அதை நம்புகிறார், அல்லது நம்புவது போல ஜன்னலைப் பார்க்கிறார்.

இன்னொன்றில் அந்த இலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறாள். அவர், அது என்ன குழந்தை என்று அவளுக்குச் சொல்கிறார்.

மூன்றாவதில், "உறுதியாச் சொல்ல முடியாதுப்பா" என்கிறாள். அறிவியல்படி அதுதான் சரியான பதில்.

எழுதி மேசையில் வைத்தேன். படித்துவிட்டுத் திருப்பி வைத்திருந்தாள்.

[மூணையும் எடுத்துடுங்க. தப்புன்னு சொல்லல.]

என்னதான் சொன்னாய் என்று அன்றும் கேட்டேன், இந்தக் கதைக்காகவும் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். அது அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் இருக்கிற விஷயமாம். கதைக்கு முடிவில்லாமல் போகிறதே என்றேன். போகட்டும் என்றாள்.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மாத்திரையோடு திரும்பியபோது இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. அவர் கை அவள் கைமேல் இருந்தது. "கெடச்சுதா மாப்ள?" என்றார், எப்போதும் போல. சட்டைப் பையிலிருந்து மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுத்தேன். நான் எழுதிய மூன்று முடிவுக்கும் அந்தக் காட்சி பொருந்தும்.

ஆகவே என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் இப்போது இருக்கிறபடி, இல்லாவிட்டால் கடைசியாகப் பார்த்தபடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் உங்களிடம் இப்படிக் கேட்கிறார். கேட் சாத்துகிற சத்தமும் கேட்டாயிற்று. வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான். அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது உங்கள் வாயில் என்ன வருகிறதோ, அதைத்தான் அவளும் சொன்னாள்.